காத்திருப்பும் சுயசேவையும்

மென்பொருள் ஆக்கும் தொழிலை வெளியிலிருந்து காண்போர், அத்தொழிலில் ஈடுபட்டோரின் நாள் முழுதும் நிரல் எழுதுவதிலேயே கழிகின்றது என்று எண்ணுவர். உண்மை வேறு. எழுதி முடித்த நிரல், பயன்படுத்துவோரின் கைப்பேசியையோ கணினியையோ சென்றடையும்வரை கடக்க வேண்டிய படிகள் பல. நிரலைப் பதிந்து காக்க ஓர் இடம் வேண்டும். அதனைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். அஃது இயங்குவதற்குச் சர்வர் வேண்டும். தகவல்களைச் சேமிக்கத் தரவுத்தளம் வேண்டும். பிறர் அணுகுவதற்கு இணைய முகவரி வேண்டும். கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கப் பெட்டகம் வேண்டும். பழுது நேர்ந்தால் எச்சரிக்கும் கண்காணிப்பும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பிரிவினரின் பொறுப்பில் இருக்குமாயின், ஒரு நாளில் எழுதிய நிரல் பல நாள் வாயிலில் காத்து நிற்க நேரும்.

இக்காத்திருப்பைப் போக்கும் பொருட்டு, நிறுவனங்கள் தமக்குள்ளேயே அமைத்துக்கொள்ளும் கருவித் தொகுதி ‘உள்தளம்’ எனப்படும். வெளியுலகிற்கு அது விற்கப்படுவதில்லை. அதன் வாடிக்கையாளர் அந்நிறுவனத்தின் மென்பொருள் ஆக்குநர்களே. சுயசேவை உணவகத்தில் தட்டை எடுத்துத் தாமே பரிமாறிக்கொள்பவர் சமையலறைக்குள் நுழைவதில்லை. அடுப்பு மூட்டுவதும் இல்லை. ஆயினும், வேண்டியதை வேண்டியபோது பெற்றுக்கொள்கிறார். உள்தளத்தின் நோக்கமும் இதுவே.

இத்தகைய தளத்தை அமைப்பது முழுக்க முழுக்கப் பொறியியற் பணி போலத் தோன்றும். ஆனால், அதன் வெற்றியும் தோல்வியும் ஒரு கேள்வியைப் பற்றி நிற்கின்றன. உடன் பணிபுரிவோர் அத்தளத்தை விரும்பி ஏற்கின்றனரா, வேறு வழியின்றி ஏற்கின்றனரா என்பதே அக்கேள்வி.

இரு துன்பங்கள்

முற்காலத்து நிறுவனங்களில் மென்பொருளை எழுதுவோர் ஒரு பிரிவினர். அதனை இயக்கிக் காப்போர் மற்றொரு பிரிவினர். புதிய வசதிகளை விரைந்து வெளியிடுவதே முன்னவரின் கடமை. இயங்கிக்கொண்டிருக்கும் ஒன்று நின்றுவிடாமல் காப்பதே பின்னவரின் கடமை. ஒவ்வொரு மாற்றமும் பழுதுக்கு ஒரு வாயில் ஆகையால், காப்பவர் மாற்றத்தை அஞ்சினார். எழுதுபவர் தடையை வெறுத்தார். இருவருக்கும் இடையே விண்ணப்பப் படிவங்கள் சுவராய் எழுந்தன.

இச்சுவரைத் தகர்க்கும் முயற்சிகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றன. அமேசான் நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி வெர்னர் வோகெல்ஸ், 2006-ஆம் ஆண்டில் அளித்த ஒரு நேர்காணலில், மென்பொருளைக் கட்டியவரே அதனை இயக்கவும் வேண்டும் என்னும் கொள்கையை விளக்கினார். தாம் எழுதியது நள்ளிரவில் நின்றுவிட்டால் தாமே எழுந்து திருத்த வேண்டும் என்ற நிலை வரும்போது, எழுதுவோர் கவனமாக எழுதுவர் என்பது இதன் உட்கருத்து. 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஃபிளிக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹேமண்டும், எழுதுவோரும் இயக்குவோரும் ஒத்துழைப்பதால் ஒரே நாளில் பத்துக்கும் மேற்பட்ட முறை மாற்றங்களை வெளியிட இயல்கின்றது என்பதை ஒரு மாநாட்டில் எடுத்துரைத்தனர். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பேட்ரிக் டெபுவா முதல் ‘டெவ்ஆப்ஸ்’ கூட்டத்தைக் கூட்டினார். அப்பெயரே பின்னர் இவ்வியக்கத்துக்கு நிலைத்துவிட்டது.

சுவர் சரிந்தது, சுமை கூடிற்று. 2013-இல் டாக்கர் வந்தது. மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள்களையும் ஒரே கொள்கலனில் அடைத்து எவ்விடத்திலும் இயக்கும் வழியை அது எளிதாக்கிற்று. 2014-இல் கூகல் நிறுவனம் குபர்நெட்டிஸ் எனும் ஏற்பாட்டை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான கொள்கலன்களைப் பல கணினிகளில் பரப்பி இயக்கும் திறன் உடையது அது. கிரேக்க மொழியில் அப்பெயருக்குக் கப்பலின் மீகாமன் என்பது பொருள். மீகாமனை நியமித்தல் எளிது. அவனுக்குக் கட்டளையிடக் கற்பது எளிதன்று. கருவிகள் பெருகப் பெருக, ஒரு வங்கிக் கணக்கின் வட்டியைக் கணக்கிடும் நிரலை எழுத வந்தவர், வலையமைப்பு, பாதுகாப்பு, கொள்கலன், கண்காணிப்பு என அனைத்தையும் கற்றே தீர வேண்டிய நிலை உண்டாயிற்று. முன்பு காத்திருப்புத் துன்பம். இப்பொழுது அனைத்தையும் தாமே சுமக்கும் துன்பம். இவ்விரண்டிற்கும் இடையே ஒரு நடுவழி தேடியதன் விளைவே உள்தளம்.

வகுப்பறையிலிருந்து வந்த ஒரு கருத்து

இந்நடுவழிக்கு அடிப்படையாய் நின்ற கருத்து கணினித் துறையில் தோன்றியதன்று, கல்வியுளவியலில் தோன்றியது. ஆசிரியர்கள் இதனை மகிழ்வுடன் நோக்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் சுவெல்லர், 1988-ஆம் ஆண்டில் ‘மனச்சுமை’ பற்றிய தம் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். மனித மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய செய்திகள் மிகச் சில. ஒரு மாணவன் கணக்கின் விடையைத் தேடி அலைவதிலேயே தன் மனத்தின் கொள்ளளவைச் செலவிட்டுவிட்டால், கணக்கின் அமைப்பைக் கற்றுக்கொள்ள அவனிடம் இடம் எஞ்சுவதில்லை. ஆகவே, தொடக்க நிலையில் உள்ளவனுக்குத் தீர்த்துக் காட்டிய கணக்குகளே பெரிதும் உதவுகின்றன என்பது சுவெல்லரும் அவர் குழுவினரும் கண்ட முடிபு.

பாடத்திற்கே இயல்பாய் உரிய கடினம் ஒன்று; பாடத்தைக் கற்பிக்கும் முறையால் தேவையின்றிச் சேரும் கடினம் மற்றொன்று. முன்னதை நீக்க இயலாது. பின்னதை நீக்குவது ஆசிரியரின் கடமை. மேத்யூ ஸ்கெல்ட்டனும் மானுவேல் பைசும் 2019-இல் எழுதிய நூலில் இவ்வேறுபாட்டை மென்பொருள் குழுக்களுக்குப் பொருத்தினர். வட்டிக் கணக்கின் நுட்பம் வங்கி மென்பொருளுக்கு இயல்பான கடினம். சர்வரைப் பெறுவதற்குப் பதினைந்து படிவங்களை நிரப்புவது தேவையற்ற கடினம். இப்பின்னதை ஒரு தனிக்குழு ஏற்றுக்கொண்டு, ஏனைய குழுக்களின் மனத்தை அவற்றின் உரிய பணிக்கு விடுவிக்க வேண்டும். அத்தனிக்குழுவே தளக்குழு.

ஸ்பாட்டிஃபை கண்ட வழி

ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 2006-இல் தோன்றிய ஸ்பாட்டிஃபை, இசை கேட்கும் சேவையை 2008-இல் தொடங்கிற்று. சிறு சிறு குழுக்கள், தாம் எதை எவ்வாறு கட்டுவது என்பதைத் தாமே முடிவு செய்யலாம் என்பது அந்நிறுவனத்தின் வழக்கம். விரைவுக்கு அது துணைநின்றது. நிறுவனம் வளர்ந்தபோது அதன் மறுபக்கமும் தெரிந்தது. ஒரு வேலையைச் செய்யும் முறை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அருகிலிருப்பவரைக் கேட்க வேண்டும். அவரும் மற்றொருவரிடம் கேட்டறிந்தவராகவே இருப்பார். வதந்தியை நம்பி மென்பொருள் கட்டும் நிலை என அங்குள்ளோரே இதனை எள்ளினர். குழுக்கள் பெற்ற சுதந்திரம், ஒவ்வொருவரும் தனித்தனியே வழிதேடி அலையும் தனிமையாய் மாறிற்று.

இதற்கு மருந்தாக இரு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. முதலாவது ‘பொற்பாதை’. வழக்கமான ஒரு பணியைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து காட்டும், நிறுவனம் ஆதரவளிக்கும் ஒரு வழி அது. இரண்டாவது ‘பேக்ஸ்டேஜ்’ எனும் வாயில். மேடைக்குப் பின்புறம் என்று பொருள்படும் அப்பெயர் இசை நிறுவனத்துக்குப் பொருத்தமானதே. நிறுவனத்திலுள்ள மென்பொருள்கள் அனைத்தின் பட்டியலும், புதியன தொடங்குவதற்கான வார்ப்புகளும், விளக்க ஏடுகளும் அவ்வொரே வாயிலில் கிடைத்தன. 2020 மார்ச்சில் அதன் மூலநிரலை அனைவருக்கும் திறந்துவிட்டபோது, 280 குழுக்கள் அதன் வழியே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பின்புலச் சேவைகளை நிருவகித்து வந்ததாக ஸ்பாட்டிஃபை தெரிவித்தது. அதே ஆண்டில் அது கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன் எனும் பொது அமைப்பின் பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டது.

ஸ்பாட்டிஃபை இதன் பயனை அளந்த முறை கருதத்தக்கது. புதிதாய்ச் சேர்ந்த ஒருவர் தம் பத்தாவது நிரல் திருத்தத்தை நிறைவேற்ற எத்தனை நாள் ஆகின்றது என்பதை அந்நிறுவனம் கணக்கிட்டது. அந்நாள்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என அது அறிவித்தது. புதியவரின் தயக்கம் எத்துணை விரைவில் நீங்குகின்றது என்பதே தளத்தின் தரத்துக்கு உரைகல் ஆயிற்று.

தளம் இயங்கும் முறை

தளத்தின் வாயிலில் ஓர் ஆக்குநர் புதிய சேவையைத் தொடங்க விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர்முன் ஒரு படிவம் தோன்றும். சேவையின் பெயர், அதற்குப் பொறுப்பேற்கும் குழு, எழுதப்படும் நிரல்மொழி, தரவுத்தளம் வேண்டுமா என்பன போன்ற சில கேள்விகளே அதில் இருக்கும். விடைகளை அளித்ததும், நிரலுக்குரிய சேமிப்பிடம் உருவாகும். மாதிரி நிரல் அதில் எழுதப்படும். சோதனை ஏற்பாடும் கண்காணிப்பும் இணைக்கப்படும். சேவை பட்டியலில் பதிவாகும். படிவத்துக்குப் பின்னே அதிகாரி எவரும் அமர்ந்திருப்பதில்லை. முன்பு அவர் கையால் செய்த பணிகள் யாவும் நிரலாக எழுதப்பட்டுவிட்டன.

இதன் அடிப்படைத் தத்துவம், செயலைக் கட்டளையிடாமல் விளைவை அறிவித்தல் ஆகும். ‘இச்சேவையின் மூன்று படிகள் எந்நேரமும் இயங்க வேண்டும்’ என்று ஆக்குநர் எழுதி வைக்கிறார். குபர்நெட்டிஸ் போன்ற ஏற்பாடு, இருக்கும் நிலையையும் இருக்க வேண்டிய நிலையையும் இடைவிடாது ஒப்பிட்டுப் பார்க்கின்றது. மூன்றில் ஒன்று நின்றுவிடின், எவரும் சொல்லாமலே மற்றொன்றை எழுப்புகின்றது. ஆகவே, விரும்பும் நிலையைத் தெளிவாக எழுதுவதே மனிதரின் பணியாய் எஞ்சுகின்றது.

பட்டியலின் அருமை இடர் நேரும்போது விளங்கும். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே எனும் ஜாவா துணைநிரலில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. தொலைவிலிருந்தே அயலார் கணினியைக் கைப்பற்ற அது வழிவிட்டது. அவ்வாரத்தில் நிறுவனங்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்விகள் இரண்டு: அத்துணைநிரல் எம்முடைய எந்தெந்தச் சேவைகளில் உள்ளது? அவற்றிற்குப் பொறுப்பானவர் யாவர்? நாளது வரை திருத்திய பட்டியல் கையிலிருந்தோர்க்கு விடை விரைவில் கிடைத்தது. இல்லாதோர் ஒவ்வொரு சேவையாய்த் தேடியலைய நேர்ந்தது. அச்சேவைகளுக்குப் பின்னே பொதுமக்களின் பணமும் மருத்துவக் குறிப்புகளும் இருந்தன என்பதை நோக்கின், பட்டியல் எழுதுதல் வெறும் எழுத்தர் வேலை ஆகாது என்பது புலனாகும்.

பாதையும் மதிலும்

தளத்தை அமைத்தபின், அதனை அனைவரும் பயன்படுத்தியே ஆக வேண்டும் எனக் கட்டளையிடலாமா? பல மேலாளர்க்கு இவ்வெண்ணம் எளிதில் தோன்றும். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் வேறு வழியை மேற்கொண்டது. தன் தளத்தை அது ‘செப்பனிட்ட சாலை’ என்று அழைத்தது. சாலையில் செல்வோர்க்குப் பாதுகாப்பும் பராமரிப்பும் தளக்குழுவினால் கிடைக்கும். சாலையை விட்டு விலகிச் செல்லவும் உரிமை உண்டு. ஆனால், அவ்வாறு செல்வோர் தம் பாதையைத் தாமே பேண வேண்டும்.

இவ்வுரிமை ஏன் வேண்டும் என்பதற்கும் கல்வியுளவியலே விடை தருகின்றது. தீர்த்துக் காட்டிய கணக்கு தொடக்க மாணவனுக்குத் துணை. தேர்ந்தவனுக்கு அதுவே இடையூறு என்பதைக் கல்யுகாவும் சுவெல்லரும் பிறரும் 2003-இல் விளக்கினர். தெரிந்ததை மீண்டும் மீண்டும் படிக்க வைப்பது தேர்ந்தவனின் மனத்துக்குப் புதிய சுமை. பொற்பாதையும் அத்தகைய தீர்த்துக் காட்டிய கணக்கே. நூற்றில் பெரும்பங்கினருக்கு அது விடுதலை அளிக்கும். அரிய தேவை உடைய சிலருக்கு அது தடையாகும். அனைவரையும் ஒரே வார்ப்பில் அடைத்தால், பாதை மதிலாகிவிடும். முன்பு விண்ணப்பப் படிவம் நின்ற இடத்தில் தளம் நிற்கும்.

விட்டு விலகும் உரிமையால் தளக்குழுவுக்கும் நன்மை உண்டு. ஆக்குநர் விலகிச் செல்லுமிடத்தில் தளத்தின் குறை தெரிகின்றது. கட்டாயத்தால் அனைவரும் வந்து நிற்பின், எண்ணிக்கை நிறைந்திருக்கும், உண்மை மறைந்திருக்கும். எனினும், இவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. மறைவாய்க் காக்க வேண்டிய தகவல்களைப் பூட்டி வைத்தல், யார் எதனை மாற்றினர் எனப் பதிதல் போன்ற காப்பு விதிகளை எவரும் விலக்க இயலாது. தேர்ந்த தளம், இக்காப்புகளைப் பாதையிலேயே பதித்து வைக்கின்றது. அதில் நடப்பவர் தனியே முயலாமலே விதியைக் கடைப்பிடித்தவர் ஆகின்றார்.

எதிர்பார்ப்பும் உண்மையும்

தளம் அமைத்தவுடன் விளைச்சல் பெருகும் என எதிர்பார்ப்போர், 2024-ஆம் ஆண்டின் ‘டோரா’ ஆய்வறிக்கையைக் கருத வேண்டும். கூகல் நிறுவனத்தின் ஆதரவில் நடைபெறும் இவ்வாய்வு, உள்தளம் உடையவர்களின் தனியாள் ஆக்கத்திறன் 8 விழுக்காடும் குழுவின் செயல்திறன் 10 விழுக்காடும் மிகுந்திருப்பதைக் கண்டது. ஆனால், அதே அறிக்கை, மாற்றங்களை வெளியிடும் அளவு 8 விழுக்காடும், வெளியிட்ட மாற்றங்களின் நிலைப்பு 14 விழுக்காடும் குறைந்திருந்ததையும் கூறிற்று. நிரலுக்கும் பயன்படுத்துவோர்க்கும் இடையே புதிய படிகள் சேர்ந்தமை வெளியீட்டுக் குறைவிற்குக் காரணமாகலாம் என அறிக்கை கருதிற்று. பிறர் துணையை நாடாமல் தம் பணியைத் தாமே முடிக்க இயன்ற இடங்களில் ஆக்கத்திறன் உயர்ந்தது என்பதும் அதில் காணப்பட்டது. சுயசேவை என்னும் சொல் பெயரளவில் நின்றுவிடக் கூடாது என்பதற்கு இது சான்று.

அழகிய வாயிலை மட்டும் நாட்டி, உள்ளே பழைய முறையையே வைத்திருத்தல் பரவலான பிழை. பேக்ஸ்டேஜை நிறுவிய அளவில் தளம் அமைந்துவிடாது. பொத்தானை அழுத்தியதும் மறுபுறம் ஒருவரின் மேசைக்கு மின்னஞ்சல் செல்லுமாயின், அது முன்னிருந்த படிவமே; உடை மட்டும் புதிது.

எங்கே தொடங்குவது?

தளம் அமைக்க முற்படும் குழு, முதலில் கருவிகளை வாங்குதல் தகாது; ஆக்குநர்களின் அருகிலமர்ந்து அவர்கள் எங்கெங்கே காத்திருக்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மிகுதியானோர் மிகுதியாய்க் காத்திருக்கும் ஓரிடத்தைத் தேர்ந்து, அதற்கு ஒரு பாதையை முற்றாக அமைத்தல் நலம். பத்துப் பாதைகளைப் பாதியளவில் விடுவதினும், ஒன்றை இறுதிவரை செப்பனிடுதல் மேல். ஸ்கெல்ட்டனும் பைசும் ‘இயன்ற அளவு மெலிந்த தளம்’ எனக் கூறியதன் கருத்து இதுவே. தேவையான செயல்முறைகளை ஒரே ஏட்டில் தெளிவாக எழுதி வைப்பதுகூடச் சிறு நிறுவனத்துக்குப் போதிய தளமாகலாம்.

அடுத்து, தளத்தை ஒருமுறை கட்டி முடிக்கும் திட்டமாகக் கருதலாகாது. கட்டியவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டால், வார்ப்புகள் பழமைப்படும். விளக்க ஏடுகள் பொய்யுரைக்கும். பட்டியலில் பொறுப்பாளராய்க் குறிக்கப்பட்டவர் நிறுவனத்தை விட்டே சென்றிருப்பார். வாடிக்கையாளருக்குரிய பொருளைப் போலவே தளத்துக்கும் நிலையான குழுவும், குறை கேட்கும் செவியும், திருத்தும் கையும் வேண்டும். தளக்குழுவினர் பெரும்பாலும் சிலரே. அவர்கள் செய்த பிழை நூறு குழுக்களை ஒருங்கே நிறுத்திவிட வல்லது. அவர்களுடைய சுமையையும் நிறுவனம் கருத வேண்டும்.

இம்முறை தனியார் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. சிங்கப்பூரில் 2016-இல் அமைக்கப்பட்ட கவ்டெக் எனும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு, பல அரசாங்க அமைப்புகள் பொதுவில் பயன்படுத்தும் தொழில்நுட்ப அடுக்கை உருவாக்கியுள்ளது. நிரலைச் சோதித்து, பாதுகாப்புக் குறைகளை ஆராய்ந்து, வெளியிடும் வரையுள்ள படிகளை இணைக்கும் ஷிப்-ஹேட்ஸ் அதில் ஒன்று. ஒவ்வோர் அமைப்பும் இவற்றைத் தனித்தனியே கட்டுவதால் விளையும் வீண்செலவை இது தவிர்க்கின்றது. காப்பு விதிகளும் ஒருங்கே கடைப்பிடிக்கப்படுகின்றன.

ஒரு சமூகத்தில் சாலை போடுவோர், அதில் செல்வோரின் பயணத்தைத் தீர்மானிப்பதில்லை. எங்குச் செல்வது என்பது வழிப்போக்கரின் உரிமை. பள்ளமின்றிச் செல்ல வைப்பது சாலை அமைப்போரின் கடமை. உள்தளத்தை அமைப்போர்க்கும் இவ்வடக்கம் வேண்டும். தாம் கட்டியதன் பெருமையைக் கருவிகளின் எண்ணிக்கையால் அளவாமல், நேற்றுச் சேர்ந்த ஒருவர் இன்று யாரிடமும் கெஞ்சாமல் தம் முதற்பணியை முடித்தாரா என்பதனால் அளப்பதே நேரிய அளவுகோல் எனலாம்.